போர்ச்சுகலில் 12 இரவு: நானும் மனைவியும் மட்டும், திட்டம் சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள்

காவிரிக்கரை (திருச்சி):

வணக்கம். செப்டம்பர் இரண்டாம் வாரம் நானும் மனைவியும் போர்ச்சுகல் போவதாக இருக்கிறோம். எனக்கு 58, அவளுக்கு 54. கல்யாணமாகி 29 வருஷத்தில் நாங்கள் சேர்ந்து போன ஊரெல்லாம் யாராவது வீட்டு விசேஷம், குலதெய்வம், இல்லாவிட்டால் பிள்ளைகளைக் கல்லூரியில் விடுவதற்காக. ஊர் பார்ப்பதற்கென்றே இருவர் மட்டும் கிளம்புவது இதுதான் முதல் முறை, அதனால் ஆசை கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது.

மொத்தம் 12 இரவு. லிஸ்பன் 2, சிந்த்ரா 1, தெற்கே அல்கார்வ் கடற்கரை 2, எவோரா 1, நசரே 1, கொயிம்ப்ரா 1, போர்ட்டோ 3, திரும்ப லிஸ்பன் 1. டோரோ ஆற்றுத் திராட்சை மலைக்குப் போர்ட்டோவிலிருந்து ஒரே நாளில் போய் வரும் பஸ் டூர் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன்.

மூன்று சந்தேகம். இது முடிகிற காரியமா? அவள் மது தொட மாட்டாள், நானும் எப்போதாவது ஒரு கிளாஸ், அப்படியிருக்க ஒயின் செய்கிற ஊரில் அவளுக்கு என்ன இருக்கும்? அவளுக்கு இடது முழங்காலில் வலி உண்டு, லிஸ்பனின் மேடு பள்ளம் தாங்குமா? கார் ஓட்டப் போவதில்லை, ரயிலும் பஸ்ஸும்தான்.

ரயில்சிநேகன் (சென்னை):

சார், எட்டு முறை பெட்டி கட்டி எட்டு முறை பிரிக்கப் போகிறீர்கள். ஒவ்வொரு ஊர் மாற்றத்துக்கும் அரை நாள் போய்விடும். காலை 11 மணிக்கு அறையைக் காலி செய்யச் சொல்வார்கள், அடுத்த ஊரில் அறை கிடைக்க 3 மணி ஆகும், நடுவில் பெட்டியோடு நிற்க வேண்டியதுதான். முழங்கால் வலி உள்ளவருக்கு மேடு பள்ளத்தைவிடப் பெட்டி தூக்குவதுதான் வில்லங்கம்.

நாடு சின்னது, ரயில் நன்றாக இருக்கிறது. லிஸ்பனிலிருந்து போர்ட்டோவுக்கு ஆல்ஃபா பெண்டுலார் என்கிற வேக ரயில் சுமார் மூன்று மணி நேரத்தில் போய்விடும், முன்கூட்டி எடுத்தால் டிக்கெட் நன்றாகக் குறையும். லிஸ்பன் ரோசியு ஸ்டேஷனில் ஏறினால் 40 நிமிஷத்தில் சிந்த்ரா, அதற்குத் தனி அறை எதற்கு? காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். அங்கிருக்கும் பேனா அரண்மனைக்கு மட்டும் நேரம் குறித்த டிக்கெட், அதை ஊரிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

விசாவுக்கு இப்போதே நாள் பிடியுங்கள். ஷெங்கன் கட்டணம் ஆளுக்கு 90 யூரோ, மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

வடலி (பாரிஸ்):

அண்ணா, நான் யாழ்ப்பாணம், 20 வருஷமாகப் பாரிஸில் இருக்கிறேன். எங்கள் கட்டடத்தில் பாதிப் பேர் போர்த்துக்கேயர், அவர்களோடு பழகிப் பழகி நானும் கணவரும் நாலு தரம் போய் வந்துவிட்டோம். உங்கள் திட்டத்தில் எனக்கு ஒன்றே ஒன்றுதான் பொறுக்கவில்லை, டோரோவை ஒரு நாளில் பார்ப்பது. அந்த பஸ் காலை எட்டுக்குக் கிளம்பி, இரண்டு தோட்டத்தில் நிறுத்தி ஆளுக்கு மூன்று கிளாஸ் ஊற்றி, ஒரு மணி நேரம் படகில் ஏற்றி, இருட்ட முன்னம் திருப்பிக் கொண்டுவந்து விடும். அந்த மலையின் அழகே விடியலும் பொழுது சாய்கிற நேரமும்தான், அந்த இரண்டு நேரமும் நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள். அல்கார்வை விட்டுவிடுங்கள். கடலுக்கு நசரே போதும். அந்த இரண்டு இரவையும் டோரோவில் பின்யாவ் என்கிற சின்ன ஊருக்குக் கொடுங்கள்.

நான் சொல்லும் கணக்கு: லிஸ்பன் 4, எவோரா 1, நசரே 2, போர்ட்டோ 2, பின்யாவ் 2, கடைசி இரவு திரும்பப் போர்ட்டோ. ஊருக்கு விமானத்தைப் போர்ட்டோவிலேயே ஏறுங்கள், சென்னைக்கு எப்படியும் நடுவில் ஒரு இடத்தில் மாறத்தானே வேண்டும்.

அக்கா குடிக்காதது ஒரு குறையே இல்லை, நானும் குடிப்பதில்லை. செப்டம்பர் நடுப்பகுதி அங்கே அறுவடை. மலை முழுக்க ஆட்கள் நிற்பார்கள். குடிக்க வருகிறவருக்கு அது கடை, குடிக்காதவருக்கு அது வயல், அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்று, எங்கள் வீட்டில் கதிரை, வாங்கு, குசினி, பாண், சப்பாத்து என்றுதான் பேசுவோம். அங்கே கடைக்குள் போய் நின்றால் இந்தச் சொல்லெல்லாம் காதில் விழும். முதல் தரம் பாண் கடைக்காரி சொன்னது விளங்கியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் 1619-இல் எங்கள் இராச்சியத்தை எடுத்தவர்களும் இவர்கள்தான், எங்கள் கடைசி அரசன் சங்கிலியனைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றவர்களும் இவர்கள்தான். லிஸ்பனின் பெலெம் பகுதியில் ஜெரோனிமோஸ் மடத்துக்குள் வாஸ்கோ ட காமாவின் கல்லறை இருக்கிறது. அதன் முன்னால் நின்றபோது மனம் இரண்டு பக்கமும் இழுத்தது. மிளகு வியாபாரத்தில் எடுத்த வரிப் பணத்தில் கட்டிய மடம் அது. அழகாக இருக்கிறது என்பதும் உண்மை, அந்த மிளகு எங்கிருந்து போனது என்பதும் உண்மை.

கட்டுமானம் (கோவை):

ஐயா, நான் சிவில் என்ஜினியர், அதனால் லிஸ்பனில் ஒரு இடத்தைக் கட்டாயம் பார்க்கச் சொல்வேன். 1755 நவம்பர் 1, சகல பரிசுத்தர் திருநாள், சர்ச்சுகளில் கூட்டமும் மெழுகுவர்த்தியுமாக இருந்த காலை நேரத்தில் நிலநடுக்கம் வந்தது. பின்னாலேயே ஆழிப்பேரலை, அதற்கப்புறம் நாள்கணக்கில் தீ. அந்த அழிவுக்குப் பிறகு மன்னரின் அமைச்சர் போம்பால் பிரபு நகரத்தின் நடுப்பகுதியை நேர்கோட்டுத் தெருக்களாகத் திரும்பக் கட்டினார், அதுதான் இன்றைய பாய்ஷா. அந்தக் கட்டடங்களின் சுவருக்குள் மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்கும் பிணைத்து ஒரு கூண்டு வைத்திருக்கிறார்கள். போர்ச்சுகீசிய மொழியில் கையோலா, அதாவது கூண்டு என்றே பெயர். கல் சுவர் உதிர்ந்தாலும் கூண்டு ஆடி நிற்கும். மாதிரிக் கூண்டு ஒன்று செய்து, சிப்பாய்களைச் சுற்றி நடக்கவிட்டு அதிர்வு கொடுத்துப் பார்த்தார்கள் என்று ஒரு கதையும் உண்டு. நிலநடுக்கத்துக்கென்றே யோசித்து ஒரு நகரப் பகுதி முழுவதையும் கட்டியதில் உலகத்திலேயே முன்னோடிகளில் இது ஒன்று.

மேலே கார்மோ மடத்து சர்ச்சின் கூரை அன்று விழுந்தது, அதைத் திரும்பப் போடவே இல்லை. வளைவுகள் மட்டும் எலும்பு மாதிரி வானத்தில் நிற்கும். அரை மணி நேரமாவது அங்கே உட்காருங்கள்.

முழங்காலுக்கு: பாய்ஷாவிலிருந்து கோட்டைப் பக்கம் ஏற, சாதாரணக் கட்டடம் ஒன்றுக்குள் இலவச லிஃப்ட் இருக்கிறது. ஃபான்கெய்ரோஸ் தெருவில் விசாரியுங்கள். நடைபாதை எல்லாம் சின்னச் சின்ன சுண்ணாம்புக் கல் பதித்தது, தேய்ந்து தேய்ந்து கண்ணாடி மாதிரி இருக்கும். தூறல் விழுந்தால் வழுக்கும். புதுச் செருப்பு வேண்டாம், ரப்பர் அடிப்பாகம் உள்ள பழகிய ஷூ போட்டுக்கொண்டு போங்கள்.

மதுரை மல்லி:

நானும் கணவரும் போன வருஷம் கார் எடுத்துப் போனோம். வடலி அக்கா சொல்வதில் ஒன்று மட்டும் எனக்கு ஒப்பவில்லை, அல்கார்வின் மஞ்சள் பாறைக் குகைகள் வேறெங்கும் இல்லை. ஆனால் கார் இல்லாமல், 12 நாளில், வடக்கே டோரோவும் வேண்டும் என்றால் விடத்தான் வேண்டும், அதை ஒத்துக்கொள்கிறேன்.

லிஸ்பன் 28-ஆம் நம்பர் டிராமில் பகலில் ஏறாதீர்கள் அங்கிள். திருவிழாக் கூட்டம், என் கணவரின் பர்ஸை யாரோ பாதி இழுத்துவிட்டார்கள். விடியற்காலை முதல் வண்டியில் போனால் உட்கார இடமும் கிடைக்கும், அல்ஃபாமா சந்துகளில் வீட்டுச் சுவரை உரசிக்கொண்டு போவதை நிம்மதியாகப் பார்க்கலாம்.

சாப்பாட்டு மேஜையில் நீங்கள் கேட்காமலே ரொட்டி, ஆலிவ், சீஸ் கொண்டுவந்து வைப்பார்கள். இலவசம் இல்லை, தொட்டால் காசு. வேண்டாமென்றால் வைத்தவுடனே எடுத்துப் போகச் சொல்லுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

காவிரிக்கரை:

எல்லாருக்கும் நன்றி. வடலி தங்கச்சி எழுதியதை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். "குடிக்காதவருக்கு அது வயல்" என்ற இடத்தில் திரும்பப் படிக்கச் சொன்னாள். அவள் பிறந்தது சின்னமனூர் பக்கம், கம்பம் பள்ளத்தாக்கு. மாமனார் இரண்டு ஏக்கரில் பன்னீர் திராட்சைப் பந்தல் போட்டிருந்தவர். இத்தனை நாள் டோரோ என்றால் எனக்கு ஒயின்தான் நினைவில் இருந்ததே தவிர, அவள் திராட்சைக்குள் வளர்ந்தவள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அல்கார்வ் போச்சு. பின்யாவ் இரண்டு இரவு உறுதி. கொயிம்ப்ராவையும் விடுகிறேன்.

ரயில்சிநேகன்:

கொயிம்ப்ராவை விடாதீர்கள் சார்! 1290-இல் தொடங்கிய பல்கலைக்கழகம். அங்கே ஜொவானினா நூலகத்தில் வௌவால்கள் குடியிருக்கின்றன, புத்தகத்தை அரிக்கும் பூச்சியை ராத்திரியில் அவைதான் தின்கின்றன. எச்சம் விழாமல் இருக்க மேஜைகளின் மேல் தினமும் தோல் விரிப்பு போட்டு மூடி, காலையில் எடுக்கிறார்கள். இதைப் பார்க்காமல் அந்த ஊரை ரயிலில் கடந்து போவதா?

சரி, உங்கள் மனைவிக்கான பயணம் என்றான பின் நான் இதற்கு மேல் வற்புறுத்தவில்லை. ஆனால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: போர்ட்டோவிலிருந்து பின்யாவ் போகும் ரயிலில் வலது பக்க ஜன்னல். முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் இருக்காது, அப்புறம் தண்டவாளம் ஆற்றோடு சேரும். அதிலிருந்து பின்யாவ் வரை ஆறு உங்கள் வலது கைப் பக்கமேதான் வரும், சில இடத்தில் தண்ணீருக்கு மேலேயே போகிற மாதிரி இருக்கும். மொத்தம் இரண்டரை மணி நேரம். கிளம்பும் முன்னால் போர்ட்டோ சாவ் பென்டோ ஸ்டேஷன் கூடத்தை அரை மணி நேரம் சுற்றிப் பாருங்கள், ஜார்ஜ் கொலாசோ வரைந்த ஏறக்குறைய 20,000 நீல ஓடுகள் சுவரெங்கும் இருக்கின்றன.

(அக்டோபர்)

காவிரிக்கரை:

திரும்பி வந்து இரண்டு வாரம் ஆகிறது. எப்படிப் போனது என்று எழுதுகிறேன். முதலில் லிஸ்பனும் எவோராவும், மற்றது அடுத்த பதிவில்.

லிஸ்பனில் நாலு இரவு என்பது சரியான முடிவு. முதல் நாள் தூக்கக் கலக்கத்தில் போய்விட்டது. நாங்கள் எடுத்த அறை நாலாவது மாடி, லிஃப்ட் இல்லை, பதிவு செய்த பக்கத்தில் அதைச் சொல்லவே இல்லை. அவள் ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று ஏறினாள், எனக்குக் கோபமும் வருத்தமுமாக இருந்தது. முழங்கால் பிரச்சினை உள்ளவர்கள் லிஃப்ட் இருக்கிறதா என்று எழுதிக் கேட்டு, பதில் வந்த பிறகு பணம் கட்டுங்கள். ஊர் வரி என்று ஆளுக்கு இரவுக்கு 4 யூரோ தனியாகவும் வாங்குவார்கள்.

கார்மோ மடத்தில் கட்டுமானம் தம்பி சொன்னபடி உட்கார்ந்தோம். கூரை இல்லாத சர்ச்சுக்குள் புறா பறக்கிறது, தரையில் புல். அவள் ரொம்ப நேரம் பேசவில்லை, அப்புறம் "நாகப்பட்டினத்துல அந்த டிசம்பர்ல" என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். 2004-இல் நாங்கள் வேளாங்கண்ணி போகத் திட்டம் போட்டு, பெரியவனுக்குக் காய்ச்சல் வந்ததால் போகாமல் விட்ட ஞாயிற்றுக்கிழமை அது. இருவருக்கும் ஒரே நினைவு.

பெலெமில் 1837 முதல் நடக்கும் அந்தப் பலகாரக் கடையில் வரிசை நீளம்தான், ஆனால் சீக்கிரம் நகர்கிறது. சுடச்சுட வருகிற முட்டைப் பாலேடு அடை, மேலே பட்டைப் பொடியைத் தூவிச் சாப்பிட வேண்டும். அடி மொறுமொறு என்று இருக்கிறது. இரண்டு வாங்கினோம், திரும்பப் போய் நாலு வாங்கினோம்.

ஒரு இரவு ஃபாடோ பாட்டுக் கேட்கப் போனோம். விளக்கைக் குறைத்து, சமையற்கட்டில் பாத்திரச் சத்தம்கூட இல்லாமல் நிறுத்திவிட்டுத்தான் பாடுகிறார்கள். 12 தந்தி கித்தார் ஒன்று, இன்னொரு சாதாரண கித்தார், ஒரு பெண், மைக் கிடையாது. மொழி புரியாவிட்டாலும் ஒப்பாரி கேட்டு வளர்ந்த காதுக்கு அது எதைப் பற்றி என்று சொல்லித் தர வேண்டியதில்லை.

எவோரா போகும் பஸ்ஸில் வழியெல்லாம் தக்கை மரங்கள். பட்டை உரித்த அடிமரம் செங்காவி நிறத்தில் இருக்கிறது, அதில் வெள்ளைப் பெயின்ட்டில் ஒற்றை எண். முதலில் புரியவில்லை. உரித்த வருஷத்தின் கடைசி இலக்கமாம், 3 என்றால் 2023. ஒன்பது வருஷம் கழித்துத்தான் மறுபடி கத்தி வைப்பார்கள். நட்டு 25 வருஷம் ஆன பிறகுதான் முதல் உரிப்பே. உலகத்துத் தக்கையில் பாதி இந்த நாட்டில் இருந்துதான் வருகிறது.

எவோராவின் ரோமானியக் கோயில் 2000 வருஷம் நெருங்குகிறது, அதன் தூண்கள் தப்பித்த காரணம்தான் எனக்குப் பிடித்தது. தூண்களுக்கு இடையே சுவர் எழுப்பி, 1836 வரை கசாப்புக் கூடமாக வைத்திருந்தார்கள், அதனால் யாரும் இடிக்கவில்லை. எலும்பு சேப்பலுக்கு அவளைக் கூட்டிப் போகத் தயங்கினேன், அவள்தான் முதலில் உள்ளே நுழைந்தாள். சுவர் முழுக்க மனித எலும்பு, வாசலில் "இங்கிருக்கும் எலும்புகளாகிய நாங்கள் உங்கள் எலும்புகளுக்காகக் காத்திருக்கிறோம்" என்று எழுதியிருக்கிறது. வெளியே வந்து அவள் சொன்னது, "பட்டினத்தார் இதைத்தானே பாடினாரு."

வடலி:

அண்ணா, வாசிக்க வாசிக்கக் கண் கலங்குது. அந்த லிஃப்ட் விஷயம் நான் முதலே சொல்லியிருக்க வேண்டும், பழைய லிஸ்பன் வீடுகளில் அது பெரும்பாலும் இருக்காது. அக்காவின் கால் பிறகு எப்படி? நசரே, அதன் பக்கத்து அல்கோபாசா மடம் என்ன ஆச்சு? மற்றதையும் கெதியா எழுதுங்கோ.

காவிரிக்கரை:

கால் நன்றாக இருக்கிறது தங்கச்சி. நசரேயில் இரண்டு நாள் ஒன்றுமே செய்யாமல் கடற்கரையில் உட்கார்ந்ததில் சரியாகிவிட்டது.

நசரே என்றால் ராட்சத அலை என்று எல்லாரும் கேட்கிறார்கள். அது அக்டோபர் முதல் மார்ச் வரை. கரைக்கு அருகிலேயே கடலுக்கடியில் பெரிய பள்ளத்தாக்கு ஒன்று முடிகிறது, அது அலையின் வேகத்தைக் குறைய விடாமல் கொண்டுவந்து கலங்கரை விளக்கத்துக்கு வடக்கே தூக்கிவிடுகிறது. 2020 அக்டோபரில் ஒருவர் 26 மீட்டருக்கு மேல் உயரமான அலையில் சறுக்கியிருக்கிறார். நாங்கள் போனபோது கடல் சாது. எங்களுக்குப் பிடித்தது மணலில் வரிசையாக நிற்கும் வலைத் தட்டிகள், பிளந்த மீனை அதில் விரித்துக் காயவைக்கிறார்கள். கருவாட்டு வாசனை மூக்கில் ஏறியதும் அவள் சிரித்த சிரிப்பு! பக்கத்தில் வயதான பெண்கள் அடுக்கடுக்காகப் பாவாடை கட்டி உட்கார்ந்து விற்கிறார்கள். சாப்பாட்டுக்குக் கஷ்டமே இல்லை. ஐரோப்பாவிலேயே அதிகமாகச் சோறு சாப்பிடுகிறவர்கள் இவர்கள்தானாம். இறாலும் நண்டும் போட்டுக் குழைவாகக் கொண்டுவந்த சோற்றில் மிளகாய் எண்ணெய் விட்டுச் சாப்பிட்டோம்.

அங்கிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான் அல்கோபாசா மடம். பேதுரு அரசன், அவன் காதலித்த இனேஸ் இருவர் கல்லறையும் அங்கே. பேதுரு இளவரசனாக இருந்தபோது அவன் அப்பாவே 1355-இல் அவளைக் கொல்ல வைத்தார். அரசனான பின் இரண்டு கல்லறைகளையும் செய்ய வைத்தான். இப்போது பக்கத்தில் பக்கத்தில் இல்லை, பாதத்துக்கு எதிரே பாதமாக வைத்திருக்கிறார்கள். கடைசி நாளில் எழுந்து உட்காரும்போது முதலில் கண்ணில் படுவது மற்றவர் முகமாக இருக்க வேண்டும் என்பதற்காக என்று சொல்கிறார்கள். அந்த நடுக்கூடத்தில் அவன் கல்லறைப் பக்கம் நானும் அவள் பக்கம் என் மனைவியுமாக நின்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டோம். அதை எழுத்தில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

போர்ட்டோவில் ஆற்றைத் தாண்டினால் வில நோவ டி காயா. போர்ட் ஒயின் ஊறும் கிடங்கெல்லாம் அங்கே. டோரோவில் விளைந்து இங்கே வந்து முதிர்கிறது, மேலே மலையில் வெயில் கொடூரம், இங்கே கடல் காற்றுக் குளிர்ச்சி. புளித்துக்கொண்டிருக்கும் சாற்றில் 77 சதவீத ஆல்கஹால் உள்ள திராட்சைச் சாராயத்தைக் கலந்து பாதியிலேயே புளிப்பை நிறுத்துகிறார்கள், அதனால் சர்க்கரை மிச்சமிருந்து இனிக்கிறது. 435 லிட்டர் சாற்றுக்கு 115 லிட்டர் சாராயம், சேர்ந்தால் 550 லிட்டர், அது ஒரு "பிப்பா" என்று வழிகாட்டிப் பெண் அங்கிருந்த மர உருளையைத் தட்டிக் காட்டினாள். மனைவி சட்டென்று "பீப்பாய்" என்றாள். அந்தப் பெண் திரும்பி, எங்கே கற்றீர்கள் என்று கேட்டாள். ஜன்னலைக் காட்டி ஜன்னல், அவள் ஜனேலா. சாவியைக் காட்டி சாவி, அவள் ஷாவ். அலமாரி, மேஜை, துவாலை என்று இருவரும் அடுக்க, மற்றவர்களெல்லாம் நின்று கேட்டார்கள். 1554-இலேயே லிஸ்பனில் தமிழை ரோமன் எழுத்தில் அச்சடித்தார்கள் என்று நான் சொன்னபோது அவளால் நம்ப முடியவில்லை.

பின்யாவ் பற்றி நான் எழுதவில்லை, அவளே எழுதுகிறேன் என்கிறாள்.

காவிரிக்கரை (இப்போது எழுதுவது மனைவி):

எல்லாருக்கும் வணக்கம். இவருடைய போனில் தட்டுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரயிலை விட்டு இறங்கியதும் ஸ்டேஷன் சுவரிலேயே நீல ஓட்டில் திராட்சை அறுவடைப் படங்கள். கூடையைத் தோளில் ஏற்றிப் போகும் ஆட்கள், கொத்து வெட்டும் பெண்கள். அந்தப் படத்தில் இருப்பதே வெளியே மலையில் நடந்துகொண்டிருந்தது.

எங்கள் ஊரில் திராட்சை தலைக்கு மேலே இருக்கும். கல்லுக்கால் நட்டு, கம்பி இழுத்து, பந்தல் போட்டு, கீழே நிழலில் நின்று அண்ணாந்து வெட்டுவோம். மாலையில் கழுத்து வலிக்கும். கவாத்து பண்ணிப் பண்ணி வருஷத்துக்கு இரண்டு மூன்று வெள்ளாமை எடுத்துவிடுவார் அப்பா. இங்கே செடி இடுப்பளவுதான், குனிந்து வெட்டுகிறார்கள். குளிர்காலத்தில் ஒரே கவாத்து, வருஷத்துக்கு ஒரே வெள்ளாமை. மண்ணைப் பார்த்தால் மண்ணே இல்லை, தட்டுத் தட்டாக உடைகிற அடுக்குப்பாறை. அதை உடைத்து, அந்தக் கல்லாலேயே சாந்து இல்லாமல் சுவர் அடுக்கி, படிப்படியாக மலையை வெட்டியிருக்கிறார்கள். தண்ணீர் பாய்ச்சும் வழக்கமே பெரும்பாலும் இல்லையாம், பாறை செங்குத்தாக வெடித்திருப்பதால் வேர் இடுக்கில் இறங்கி ஆழத்தில் ஈரம் தேடிக்கொள்கிறதாம். சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு சுவரில் கை வைத்தேன். வெயில் தணிந்த பிறகும் சூடு, தோசைக்கல்லை அணைத்து வைத்த மாதிரி. ராத்திரி அந்தச் சூடுதான் பழத்தைக் கனிய வைக்கிறது என்றார்கள். "ஒன்பது மாதம் குளிர், மூன்று மாதம் நரகம்" என்பது அந்த ஊர்ப் பழமொழி.

என் வயசுப் பெண் ஒருத்தி, கையில் சின்ன கத்திரி, விரலெல்லாம் கறை. நான் அவள் வெட்டுவதையே பார்ப்பதைக் கவனித்து ஒரு கொத்தை நீட்டினாள். காம்பை நான் பிடித்த விதத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. கத்திரியைக் கொடுத்தாள். நான் ஆறு கொத்து வெட்டினேன், கெட்ட பழத்தைக் கிள்ளி எறிந்துவிட்டுப் பெட்டியில் போட்டேன். 30 வருஷத்துக்கு மேல் ஆச்சு நான் கொத்து வெட்டி. பழம் சின்னது, தோல் தடிப்பு, உள்ளே விதைதான் அதிகம். தின்பதற்கு நம்ம பழம்தான் நல்லது.

அன்று இரவு நாங்கள் தங்கிய தோட்டத்தில் கல் தொட்டியில் பழத்தை மிதிப்பதைப் பார்க்க விட்டார்கள். ஆட்கள் தோளோடு தோள் கோர்த்து வரிசையாக நின்று, ஒருவர் "இடது, வலது" என்று குரல் கொடுக்க, மெல்ல மெல்ல மிதிக்கிறார்கள். இரண்டு மணி நேரம் அப்படியே. அப்புறம்தான் பாட்டுப் போட்டு அவரவர் இஷ்டத்துக்கு மிதிக்க விடுவார்கள். புளிக்காத சாறு ஒரு கிளாஸ் கொடுத்தார்கள், நான் குடித்தது அது ஒன்றுதான். தொண்டை வரைக்கும் இனிப்பு.

நடுநடுவே சில மலைப் படிகளில் திராட்சை இல்லை, புதர் மண்டிக் கிடக்கிறது, இல்லாவிட்டால் ஆலிவ் மரம். 150 வருஷத்துக்கு முன்னால் ஃபிலாக்சரா என்கிற பூச்சி வேரைத் தின்று தோட்டங்களை அழித்தபோது கைவிட்ட இடங்களாம், மோர்ட்டோரியோ என்கிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கள் பந்தலையும் அப்பா போன பிறகு பிரித்துவிட்டார்கள்.

இரண்டாம் நாள் ஃபவாயோஸ் என்று மேட்டு ஊர் ஒன்றுக்கு வாடகை வண்டியில் போனோம். மொஸ்கத்தெல் பழம் விளைகிற ஊர், ரொட்டிக்கும் பேர் பெற்றது. பெட்டி பெட்டியாக வெளிர்மஞ்சள் பழம் இறங்கிக்கொண்டிருந்தது. வண்டிக் கதவைத் திறந்ததும் ஒரு வாசனை. நான் இறங்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எங்கள் வீட்டுத் திண்ணையில் லாரிக்குக் காத்திருக்கும் பன்னீர் திராட்சைக் கூடைகளின் வாசனை அது. இவர் போனில் தேடிப் படித்துச் சொன்னார், கம்பத்துப் பன்னீர் திராட்சை மஸ்கட் ஹாம்பர்க் என்கிற வகை, இது மஸ்கட்டில் வெள்ளை வகை, இரண்டும் ஒரே வம்சம். நம்ம பழத்துக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, டோரோவில் 1756-லேயே எல்லை குறித்துவிட்டார்கள். அப்பாவுக்கு இதெல்லாம் தெரிந்திருந்தால் எவ்வளவு கேள்வி கேட்டிருப்பார்.

வடலி:

அக்கா, நாலு தரம் போன நான் ஃபவாயோஸ் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த வருஷம் போகிறேன். கத்திரியை வாங்கி வெட்டினீர்களே, அதை நினைக்க எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா.

மதுரை மல்லி:

ஆன்ட்டி, படித்துவிட்டு அம்மாவுக்கு போன் போட்டேன். அப்பா அம்மா இருவரையும் அடுத்த செப்டம்பர் அனுப்பலாம் என்று இருக்கிறேன். பின்யாவில் இரண்டு இரவு போதுமா? வேறு என்ன கவனிக்க வேண்டும்?

காவிரிக்கரை:

மூன்று போடும்மா, எங்களுக்கு இரண்டு பத்தவில்லை. மாதத்தின் 15-க்கு மேல் போனால் அறுவடை பெரும்பாலும் இருக்கும். அறுவடை மாதத்தில் அறைக்கு அடிதடி, ஆறு மாதம் முன்னாலேயே பிடித்துவிடு, ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம்தானா என்று பார்த்துக்கொள், மலைமேல் உள்ள தோட்டம் என்றால் அவர்களே வண்டி அனுப்புவார்களா என்று எழுதிக் கேள். மத்தியானம் 12 முதல் 4 வரை வெளியே போக வேண்டாம், வெயில் நம்ம ஊர் ஏப்ரல் மாதிரி. உன் அப்பாவுக்கு 65 ஆகியிருந்தால் ரயிலில் பாதிக் கட்டணம், பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும். போகும்போது வலது பக்க ஜன்னல், திரும்பும்போது இடது பக்கம்.